காய்ந்த விசிலின் சாட்சி

அவளால் பேச முடியும், கூப்பிட முடியாது. முப்பது வயதில் கழுத்தில் முளைத்த ஒரு கட்டியை அறுத்து எடுத்தார்கள். கட்டியோடு குரலில் பாதியும் போய்விட்டது. வாசலில் நின்று மகளைக் கூப்பிட்டால் சத்தம் மூன்றாவது வீட்டைத் தாண்டாது. மகளோ எப்போதும் தெருக்கோடியில்தான் விளையாடுவாள். நாற்காலித் தொழிற்சாலையில் நாற்காலிக் கால்களைக் கடைந்துகொண்டிருந்த அம்மா, ஒருநாள் ஒடிந்துபோன நாற்காலிக் காலில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, குடைந்து, விசில் செய்தாள். முதல் ஊதலில் தெரு நாய்கள் நான்கும் எழுந்து நின்றன. மகள் மட்டும் வரவில்லை. தோழிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "எங்கம்மா என்ன ரயில் கார்டா?" என்று அழுதாள்.

அன்றிலிருந்து அவள் பெயர் விசிலக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் அட்டையோடு நின்றுபோனது.

மகள் வளர்ந்து, அந்தக் குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டமும் வாங்கி, வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் விசில் தொழிலாகிவிட்டது. காடு மலை என்று நடக்கப் போகிறவர்களுக்குக் கூடாரம், கயிறு, கத்தி, தகர அடுப்பு விற்கும் கடை ஒன்று மார்க்கெட் பக்கம் இருந்தது. அந்தக் கடைக்காரர் ஒரு விசிலை ஊதிப் பார்த்துவிட்டுக் காதைத் தேய்த்துக்கொண்டார். "அக்கா, இதை ஊதினா காணாம போனவனும் வருவான், கடன் வாங்கி ஒளிஞ்சவனும் வருவான். மாசம் எத்தனை தருவீங்க?" என்றார். பிளாஸ்டிக் விசில் எங்கும் கிடைக்கும். ஆனால் நடைக்காரர்களுக்குக் கையால் செய்ததுதான் வேண்டும். கரண்டியைத் தானே செதுக்கி, பையைத் தானே தைத்து, அதைத் தூக்கிக்கொண்டு பத்து மைல் நடந்து, ஒரு மரத்தடியில் தேநீர் வைத்துக் குடித்துவிட்டுத் திரும்பி வருகிற கூட்டம் அது. இதற்கெதற்கு இவ்வளவு பாடு என்று அவளுக்கு முதலில் புரியவில்லை.

மர விசிலில் சூட்சுமம் ஒன்றுதான். குடைந்த துளையின் வாயில் ஒரு மரத் தக்கை அடிக்க வேண்டும். தக்கையின் மேல்பக்கத்தை மட்டும் தட்டையாகச் சீவ வேண்டும். சீவிய இடத்துக்கும் துளையின் சுவருக்கும் நடுவே நகக் கனத்துக்கு ஒரு சந்து கிடைக்கும். மூச்சு அந்தச் சந்து வழியாகப் போய், மேலே வெட்டிய திறப்பின் எதிர்விளிம்பில் மோதினால்தான் சத்தம். சந்து மயிரிழை கூடினால் காற்று இரையும், குறைந்தால் ஊமை.

ஆரம்பத்தில் அவள் தக்கைகளை மூன்று நாள் எண்ணெயில் ஊறவைத்து, இரண்டு வாரம் நிழலில் காயவைத்துத்தான் அடிப்பாள். முடிந்த விசிலை ஒரு பகல் முழுக்க வாளித் தண்ணீரில் போட்டு, எடுத்து, ஊதிப் பார்ப்பாள். ஊமையானதை அடுப்பில் போடுவாள். அப்புறம் கடைக்காரர் ஒருநாள் வந்தார். "வாயில வச்சா எண்ணெய் கசக்குதாம் அக்கா. தண்ணியில போட்டதுல மரம் சொரசொரன்னு ஆயிடுதாம். பளபளன்னு இருந்தாத்தான் கையில எடுக்கறாங்க." அவளும் யோசித்தாள். மனுஷ மூச்சில் எவ்வளவு ஈரம் இருந்துவிடப் போகிறது? எண்ணெயை விட்டாள், வாளியையும் விட்டாள். வெளியே மட்டும் மெழுகு தேய்த்து, ஒவ்வொன்றையும் தானே மூன்று முறை ஊதிப் பார்த்து அனுப்பினாள். காய்ந்த விசில் காய்ந்த அறையில் அருமையாகக் கத்தியது.

தவறு அங்கே நடந்தது. அவளை யாரும் ஏமாற்றவில்லை, அவளும் யாரையும் ஏமாற்றவில்லை. மழையில் நின்று பழகாத ஒருத்தி மழைக்கான சாமான் செய்தாள், அவ்வளவுதான்.

ஒவ்வொரு விசிலோடும் போகும் சின்ன அட்டையை மகள் எழுதி அச்சடித்தாள். 'மழையோ வெயிலோ, ஒரே மூச்சில் ஒலிக்கும்.' எழுதியது வாளி இருந்த காலத்தில். வாளி போன பிறகும் அட்டை மாறவில்லை.

ஒருமுறை நடைக்காரர்கள் அவளை வற்புறுத்திக் கூட்டிப்போனார்கள். ஊரை விட்டு ஒரு மணி நேரம் பஸ், பிறகு மேட்டில் நடை. அந்தக் கூட்டத்தில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவன் இருந்தான். தபால் ஆபீசில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கிற வேலை, கல்யாணம் ஆகாதவன், பெரும்பாலும் தனியாகவே நடப்பவன். காய்ந்த குச்சி ஒன்றை மடியில் வைத்து, கத்தியால் சுருள் சுருளாகச் சீவி, குச்சியிலிருந்து பிரியாமலே ஒரு பூவைப்போல ஆக்கி, அதில் தீ பற்றவைத்தான். பால் பவுடர் டின்னில் துளை போட்டுத் தானே செய்த அடுப்பு. கரி பிடித்த கெட்டில்.

"அக்கா, காட்டுக்குச் சாமான் செய்யறீங்க, காட்டையே பார்த்ததில்லையாமே? கடல் பார்க்காத மீன்காரி மாதிரி இல்ல இருக்கு!"

"பதினோரு வருஷம் நாற்காலி செஞ்சேன் தம்பி. உட்கார்ந்ததில்ல" என்றாள்.

அவன் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடையில் காலை வைத்துக்கொண்டு, ஒன்றுமே செய்யாமல் அரைப்பகல் உட்கார்ந்திருந்தாள். இதற்குத்தானா இவ்வளவு பாடு என்று அப்போது புரிந்தது. அன்று வானத்தில் பஞ்சளவு மேகம்கூட இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் அவன் காணாமல் போனான். ஐந்து நாள் விடாத மழை. ஒன்பதாம் நாள் ஒரு பள்ளத்தில் கண்டெடுத்தார்கள். கால் எலும்பு முறிந்திருந்தது. விழுந்த பிறகு மூன்று நாளாவது உயிரோடு இருந்திருப்பான் என்றார் மருத்துவர். செய்தி கேட்டு அவள் அழுதாள். மூக்கில் தேநீர் ஏறிய முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது. வேறெதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காலை, நாற்பது வயதுப் பெண் ஒருத்தி பட்டறை வாசலில் வந்து நின்றாள். பட்டறை என்றால் வீட்டின் முன்னறைதான். கடைசல் இயந்திரம், ஒரு மேசை, தரை முழுக்க மரத்தூள்.

"நான் அவனோட அக்கா" என்றாள். கைப்பையிலிருந்து ஒரு காகித உறையை எடுத்தாள். போலீஸ் முத்திரை கிழிந்திருந்தது. உள்ளே கறுத்துப்போன கயிற்றில் ஒரு விசில்.

"நான்தான் உங்க கடைக்காரர்கிட்ட வாங்கிக் கொடுத்தேன். தனியாப் போறவன், போன் அங்க எடுக்காது, இதையாவது கழுத்துல மாட்டுடான்னு. மாட்டிக்கிட்டுத்தான் இருந்தான்." அவள் விசிலை வாயில் வைத்து ஊதினாள். அறை அதிர்ந்தது. தெருவில் போன சைக்கிள்காரன் திரும்பிப் பார்த்தான். "பார்த்தீங்களா? நல்லாத்தானே ஊதுது?"

விசிலக்கா தலையாட்டினாள்.

"தேடப் போனவங்க, அவன் உயிரோட இருந்த நாள்லயே, அந்தப் பள்ளத்துக்கு மேலேயே ரெண்டு தடவை போயிருக்காங்கக்கா. இருநூறு அடிதான். ஒரு சத்தமும் கேட்கலங்கறாங்க." அவள் உட்காரவில்லை. "வீட்டை விட்டுப் போன அன்னிக்கு அவனுக்கும் அம்மாவுக்கும் சண்டை. ஆபீசுல மெஷின் வந்து அவன் வேலை போயிடுச்சு. இவன் பாட்டுக்குக் குச்சி சீவிக்கிட்டு உட்கார்ந்திருக்கான். அம்மா கோபத்துல, 'நீ இருக்கறதும் ஒண்ணு, இல்லாததும் ஒண்ணு'ன்னுட்டாங்க. 'அப்ப இல்லாமலே இருக்கேன்'னு பையைத் தூக்கினான். இப்ப அம்மா சொல்றாங்க, அவன் வேணும்னுதான் ஊதலையாம். அவங்க சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டானாம். ஒரு மாசமா சுவரைப் பார்த்துப் படுத்திருக்காங்க. அக்கம்பக்கத்துல எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க." அவள் விசிலை நீட்டினாள். "நீங்க செஞ்சவங்க. இதுல ஏதாவது குறை இருக்கா? ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

விசிலக்கா வாங்கினாள். கட்டைவிரல் நகத்தால் தக்கையின் ஓரத்தை ஒரு நெம்பு நெம்பினாள். பழக்கத்தில் செய்தது. தக்கை அசைந்தது.

அடித்து இறுக்கிய தக்கை அசையாது. அசைந்தால் அர்த்தம் ஒன்றுதான்: அது ஒருமுறை நன்றாக ஊறி, உப்பி, துளைக்குள் தன்னைத்தானே நசுக்கிக்கொண்டு, பிறகு காய்ந்து முன்னிருந்ததைவிடச் சுருங்கியிருக்கிறது. உப்பிய நேரத்தில் நகக் கனத்துச் சந்து என்னவாகியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அவளைத் தவிர அந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

"குறை ஒண்ணும் இல்லம்மா" என்றாள்.

சொல்லும்போதே அந்தப் பெண்ணின் தோள் இறங்கியது. உறைக்குள் விசிலைத் திரும்ப வைத்தாள். "சரிக்கா. அப்ப அம்மா சொல்றதுதான் சரி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உள்ளறையிலிருந்து மகள் வந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். அம்மா ஏன் வாளியைத் தேடுகிறாள் என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அனுப்பத் தயாராக இருந்த விசில்களில் ஆறை எடுத்து விசிலக்கா தண்ணீரில் போட்டாள். அன்று வேறு வேலை பார்க்கவில்லை. மூன்றாவது மணி நேரத்தில் எடுத்து ஊதினாள். நான்கு 'ஸ்ஸ்' என்றது. ஒன்று கோழிக்குஞ்சைப்போல முனகியது. ஒன்று மட்டும் கத்தியது.

மகள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். "தெரிஞ்சே இல்லன்னு சொன்னியா?"

"வாய்ல வந்துடுச்சு."

"சரி, சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்மா." மகள் வேகமாகப் பேசினாள். "இனிமே எண்ணெயில போடலாம், தண்ணியில போட்டுப் பார்க்கலாம். செத்தவன் செத்துட்டான். நீ போய்ச் சொன்னா அவன் எழுந்து வருவானா? கேஸ் போடுவாங்க. கடைக்காரர் மூஞ்சியில முழிக்க முடியாது. உன்னால இந்த வயசுல திரும்ப நாற்காலி கடைய முடியுமா?"

"அந்தம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருக்காங்கடி."

"போய்ச் சொன்னா உன்னைப் பார்த்துத் திட்டுவாங்க. அதுக்குச் சுவரே தேவலை."

வேறு நாளாக இருந்தால் விசிலக்கா சிரித்திருப்பாள். மகள் போனை எடுத்து எதையோ தடவிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அழிச்சிட்டேன்" என்றாள்.

"எதை?"

"போன்ல விக்கிற பக்கத்துல மழையோ வெயிலோன்னு எழுதினதை."

"அச்சடிச்சுப் போனது எப்படிடி அழியும்?"

மகள் போனைக் கீழே வைத்தாள். படித்த பெண். ஒரு வரியை அழகாக எழுதத் தெரிந்தவள். அந்த வரி உண்மைதானா என்று எழுதிய பிறகு யாராவது அவளைக் கேட்டிருக்கிறார்களா? அவளாவது கேட்டுக்கொண்டிருக்கிறாளா? அவள் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். அதற்கு மேல் அம்மாவைத் தடுக்கவும் இல்லை.

நான்கு நாள் விசிலக்கா சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தாள். பொய் சொன்னால் நாக்கு அழுகும் என்று சின்ன வயதில் பயமுறுத்துவார்கள். அழுகவில்லை. வாயில் போட்ட கொஞ்சமும் வழக்கம்போல ருசித்தது, அதுதான் தாங்க முடியவில்லை. ஐந்தாம் நாள் கடைக்காரரிடம் விலாசம் கேட்டாள். "துக்கம் கேட்கப் போறீங்களா அக்கா? நல்ல மனசு" என்றார் அவர்.

இரண்டாவது மாடியில் சின்ன வீடு. அக்காள்தான் கதவைத் திறந்தாள். கூடத்துக் கட்டிலில் அவனுடைய சாமான்கள் வரிசையாக இருந்தன: பழைய ஜீன்ஸைக் கிழித்துத் தைத்த பை, பால் பவுடர் டின் அடுப்பு, கெட்டில், ஐந்தாறு மரக்கரண்டிகள். கடைசிக் கரண்டி பாதிதான் செதுக்கியிருந்தது. சாகப் போகிறவன் கரண்டியைப் பாதியில் வைத்துவிட்டுப் போவானா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். போகலாம், யார் கண்டது? கரண்டி சாட்சி சொல்லாது.

"அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன்" என்றாள். அவள் குரலில் அது ரகசியம் மாதிரி ஒலித்தது.

"என்ன?"

"சத்தமாச் சொல்ல என்னால முடியாதும்மா. காட்டறேன். அந்த விசிலைக் கொண்டா. ஒரு பாத்திரத்துல தண்ணியும். வெந்நீர்னா சீக்கிரம் ஆயிடும்."

அக்காளுக்குப் பாதி புரிந்துவிட்டது. முகம் கல்லானது. "வெந்நீர் எதுக்கு? அங்க பெஞ்சது வெந்நீரா? பச்சைத் தண்ணியிலேயே போடுங்க."

எவர்சில்வர் கிண்ணத்தில் விசில் மிதந்தது. மேலே ஒரு தம்ளரைக் கவிழ்த்து அழுத்தி வைத்தார்கள். பிறகு இரண்டு பேரும் சமையலறை மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். மூன்று மணி நேரம். நடுவில் அக்காள் எழுந்து பாத்திரம் கழுவினாள், துணி மடித்தாள், திரும்ப வந்து உட்கார்ந்தாள். தேநீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. ஒரே ஒருமுறை பேசினாள்.

"நீங்க செய்யறதெல்லாம் இப்படித்தான் ஆகுமா?"

"முன்னாடி செஞ்சது ஆகாது. எண்ணெய் போட்டுச் செய்வேன். தண்ணியில போட்டுப் பார்ப்பேன்."

"ஏன் விட்டீங்க?"

"பளபளப்பு போகுதுன்னாங்க."

அக்காள் மெல்லத் தலையாட்டினாள். பளபளப்பைப் பார்த்துத்தான் அவளும் அந்த விசிலைக் கடையில் தேர்ந்தெடுத்தாளோ என்னவோ. கேட்கிற தைரியம் விசிலக்காவுக்கு வரவில்லை.

நேரம் ஆனதும் விசிலக்கா கையை நீட்டினாள். "நீங்க வேணாம்" என்று அக்காளே விசிலை எடுத்து, உதறி, வாயில் வைத்து ஊதினாள். ஒன்றுமில்லை. கன்னம் உப்ப ஊதினாள். கழுத்து நரம்பு புடைத்தது. டயரில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சின்ன இரைச்சல், அவ்வளவுதான். அவள் விசிலை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. அப்படியே நின்று, அதற்குள்ளேயே அழுதாள். அழுத மூச்சும் 'ஸ்ஸ் ஸ்ஸ்' என்றுதான் வந்தது.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, விசிலைத் தண்ணீர்க் கிண்ணத்தோடு எடுத்துக்கொண்டாள். "உள்ள வாங்க. எங்கம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா சமாதானத்துக்குச் சொல்றேன்னு நினைப்பாங்க."

கிழவி சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தாள். விசிலக்கா கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, முதுகைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னாள். தக்கை, எண்ணெய், வாளி, கடைக்காரர், அட்டை, அன்று சொன்ன பொய். முதுகு அசையவில்லை. கடைசியில், "உங்க பிள்ளை ஊதியிருக்காரும்மா. நான் செஞ்சதுதான் கத்தல" என்றாள்.

கிழவியின் கை ஒன்று பின்பக்கமாக நீண்டது. அக்காள் விசிலை அதில் வைத்தாள். கிழவி திரும்பி, எழுந்து உட்கார்ந்து, பல்லில்லாத வாயில் வைத்து ஊதினாள். இன்னொரு முறை ஊதினாள். நிறுத்தாமல் ஊதினாள். அக்காள் பிடுங்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாள். மூச்சு வாங்கியது.

"எத்தனை நாள் இருந்தான்னாங்க?"

"மூணும்மா" என்றாள் அக்காள்.

"மூணு நாளும் ஊதியிருப்பான்" என்றாள் கிழவி. "என் மேல கோபமில்ல." விசிலைக் கையில் திருப்பிப் பார்த்தாள். "மேல ஆள் நடக்கறது அவனுக்குக் கேட்டிருக்கும், இல்ல?"

ஒரு முள்ளை எடுத்த இடத்தில் இன்னொன்றைக் குத்திவிட்டோமே என்று விசிலக்கா தலையைக் குனிந்துகொண்டாள். கிழவி விசிலைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு, கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டாள். "காய விடாதே" என்றாள் அக்காளிடம். "பக்கத்து வீட்டுக்காரங்களை ஒவ்வொருத்தரா கூப்பிடு. ஊதிப் பார்க்கட்டும். என் பிள்ளை சாகணும்னு போனான்னு சொன்னாங்கல்ல, வந்து ஊதிப் பார்க்கட்டும்."

விசிலக்காவை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

வாசலில் அக்காள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வந்ததுக்கு நன்றி சொல்லணும். வாய் வரல."

"வேணாம்மா."

"இந்த மாதிரி எண்ணெய் போடாதது இன்னும் எத்தனை பேர் கழுத்துல தொங்குது?"

விசிலக்கா மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். எண்ணெயை விட்டு இரண்டு வருஷம். கடைக்காரர் கொண்டுபோனது, மகள் தபாலில் அனுப்பியது. "நூத்தி நாப்பது இருக்கும்."

மாடி ஜன்னலுக்கு வெளியே வானம் மூட்டம் போட்டிருந்தது. இரண்டு பேருமே அதைப் பார்த்தார்கள்.

"அப்ப ஏன் இங்க நிக்கிறீங்க?" என்றாள் அக்காள்.